இறைச்சியைச் சும்மா விடுவது எப்படி

முதலில் ஒரு தகுதித் தேர்வு. அடுப்பில் ஒன்று வெந்துகொண்டிருக்கும்போது, கையில் கரண்டி இல்லாமல் உங்களால் மூன்று நிமிடம் நிற்க முடியுமா? கிளறாமல், புரட்டாமல், ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்க்காமல்? முடியும் என்றால் நீங்கள் தமிழ் வீட்டில் வளர்ந்தவர் இல்லை. இதற்கு மேல் படிக்க வேண்டாம். மற்றவர்கள் வாருங்கள்.

சமைக்கப் போவது ஸ்டேக் ஓ புவாவ்ர். தடித்த மாட்டிறைச்சித் துண்டில் இடித்த மிளகை அப்பி, காய்ந்த சட்டியில் இரண்டு பக்கமும் வாட்டி எடுத்து, அதே சட்டியில் கொன்யாக்கும் கிரீமும் விட்டுச் சாறு கூட்டி மேலே ஊற்றுகிற பிரெஞ்சுச் சாப்பாடு. முதலில் செய்தது நான்தான் என்று உரிமை கொண்டாடிய பாரிஸ் சமையல்காரர்கள் ஒருவர் இருவர் அல்லர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஐரோப்பாவுக்கு மிளகு எந்தக் கரையிலிருந்து கப்பலேறியது என்பதில் மட்டும் வழக்கே கிடையாது. முசிறித் துறையில் ரோமாபுரி வணிகர் பொன்னைக் கொடுத்து ஏற்றிப்போன சரக்கு அது. ஆகவே பாதிச் சமையல் ஏற்கெனவே நம்முடையது என்ற தைரியத்தில் இறங்கலாம்.

மீதிப் பாதியும் வெகுதூரத்தில் இல்லை. பாரிசில் ஏதோ ஒரு பிஸ்த்ரோவில் இன்றிரவு இதைச் சமைக்கிறவர் யாழ்ப்பாணத்துக்காரராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1980களிலிருந்து போருக்குத் தப்பி அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் பலர் கோப்பை கழுவுகிற தொட்டியில் தொடங்கி அடுப்படிவரை ஏறியவர்கள். அப்படி ஒருவரைக் கேட்டால் இந்தக் கட்டுரை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: “கிண்டாதை தம்பி. அது தன்ரபாட்டில கிடக்கட்டும்.” அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி வைக்கும்போது அகப்பையைக் கீழே வைப்பதே இல்லை என்பது வேறு விஷயம்.

மாட்டிறைச்சி என்றதும் சில வீடுகளில் தனிப் பஞ்சாயத்து கூடும். சாப்பிடாதவரை மாற்றுவது இந்த வழிகாட்டியின் வேலை அல்ல. பன்றி விலாத் துண்டுக்கும் கோழி நெஞ்சுக்கும் தடித்த காளானுக்கும் இதே சாறு பொருந்தும். கோழியையாவது உள்ளே சிவப்பு இல்லாமல் வேகவிடுங்கள். அதில் வீரம் காட்டக் கூடாது. நான் சாப்பிடுவேன், ஊரில் இருக்கிற அம்மாவுக்குத் தெரிந்தால்தான் பிரச்சினை என்கிறவர்கள் வீடியோ அழைப்பு வராத நேரமாகப் பார்த்து அடுப்பை மூட்டுங்கள். அம்மாக்கள் சட்டியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைக்குப் போவோம். பிரெஞ்சு சூப்பர்மார்க்கெட்டில் ‘ஸ்டேக் அஷே’ என்று மலிவாக அடுக்கியிருக்கும். பெயரின் முதல் பாதியைப் படித்துவிட்டுக் கூடையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது கொத்திறைச்சியை வட்டமாக அமுக்கியது. மிளகை அப்பினால் பர்கருக்கு மிளகு அப்பிய கதையாகத்தான் முடியும். கசாப்புக் கடைக்குப் போய் ஆந்த்ரகோத் கேளுங்கள். விலாப் பகுதி, கொழுப்பு நரம்பு நரம்பாக ஓடியிருக்கும், அதனால் சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஃபீலே மெத்தென்று இருக்கும், விலையும் பெருமையும் அதிகம், ருசி கம்மி. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளுக்கு அது. கனம் 3 சென்டிமீட்டர் வேண்டும். கடைக்காரர் கத்தியை வைத்து “இவ்வளவா?” என்று காட்டும்போது நம் வாயில் “கொஞ்சம் மெல்லிசா” என்று தானாக வரும். நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய துண்டில் வெளியே நிறம் பிடிப்பதற்குள் உள்ளே எல்லாம் வெந்து தீர்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். குழாயைத் திறப்பீர்கள். மஞ்சள் தூள் டப்பாவைத் தேடுவீர்கள். நான்கு தண்ணீர் விட்டு, கடைசித் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, “இப்போதுதான் சுத்தம்” என்று பெருமூச்சு விடுவீர்கள். சுத்தமானது இறைச்சி அல்ல. அதிலிருந்த கிருமிகள் தொட்டியிலும் பக்கத்தில் காயவைத்த தம்ளரிலும் குடியேறியிருக்கும், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய நஷ்டம் ஈரம். லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912இல் விவரித்த வேதிவினைதான் இறைச்சிக்குப் பழுப்பு நிறத்தையும் அந்த வாசனையையும் தருகிறது. அது விறுவிறுவென்று நடக்க மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸாவது சூடேற வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100ஐத் தாண்டாது. கழுவிய இறைச்சி சட்டியில் வாடாது, அவியும். சாம்பல் நிறத்தில் நம்மைப் பார்க்கும். எனவே கழுவாதீர்கள். காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். ஒற்றியது போதும் என்று தோன்றியபின் இன்னொரு முறை.

உப்பைச் சமைப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் தூவுங்கள், இல்லையென்றால் சட்டியில் போடுகிற நொடியில் தூவுங்கள். நடுவில் தூவினால் உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிட்டு, அது திரும்ப உள்ளே போக அவகாசம் இல்லாமல் நிற்கும். மிளகைப் பொடிக்கக் கூடாது. உரலில் போட்டு, ஒரு மிளகு நாலைந்தாக உடையும் அளவுக்குத் தட்டினால் போதும். பொடி கருகிக் கசக்கும். பாரிஸ் வாசகர்கள் மிளகை லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் வாங்குங்கள். சூப்பர்மார்க்கெட்டின் விரல் உயரக் கண்ணாடிக் குப்பிக்குக் கொடுக்கிற காசில் நம் கடையில் பை நிறையத் தருவார்கள், கூடவே “எதுக்கு இவ்வளவு மிளகு, ரசமா?” என்ற விசாரணையும் இலவசம்.

சட்டி இரும்பாக இருக்கட்டும். ஒட்டாத பூச்சுச் சட்டி தோசைக்கு உத்தமம். இங்கே நமக்கு ஒட்ட வேண்டும், ஏன் என்று சாறு வரும்போது தெரியும். பூச்சுச் சட்டியை இந்த அளவுக்குக் காயவைப்பதும் நல்லதல்ல. வெண்ணெயில் வாட்டச் சொல்லும் பிரெஞ்சுப் புத்தகங்களுக்கு மரியாதை செய்துவிட்டு நெய்யை எடுங்கள். வெண்ணெயிலுள்ள பால் கசடு சீக்கிரம் கருகும். நெய்யில் அந்தக் கசடு ஏற்கெனவே போய்விட்டது. நம் பாட்டிமார் யாருக்கும் தெரியாமல் ஸ்டேக்குக்குத் தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள்.

புகை வரும். 2015 மார்ச் முதல் பிரான்சில் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி இருந்தாக வேண்டும். ஸ்டேக் சமைப்பவர்களை மனத்தில் வைத்து அந்தச் சட்டம் போட்டதாக எங்கும் எழுதவில்லை, ஆனால் எனக்குச் சந்தேகம் உண்டு. ஜன்னலைத் திறங்கள். கருவியின் பேட்டரியைக் கழற்றாதீர்கள். அது கத்தினால் அடியில் நின்று துவாயை வீச ஒரு பிள்ளையை நியமியுங்கள். சமையலில் உதவுகிறேன் என்று சுற்றிவருகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

இனி அந்த மூன்று நிமிடம். நெய் மினுங்கி லேசாக அலைந்ததும் இறைச்சியை வையுங்கள். சத்தம் வரவேண்டும்; வராவிட்டால் எடுத்துவிட்டுச் சட்டியை இன்னும் காயவிடுங்கள். வைத்த பத்தாவது நொடியில் கை அரிக்கும். தூக்கிப் பார்க்கத் தோன்றும். வராது, ஒட்டியிருக்கும். பிடுங்கினால் மிளகு சட்டியோடு போய்விடும். பழுப்பேறியதும் தானாக விட்டுக்கொடுக்கும். அதுவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள், அல்லது சின்ன வெங்காயம் உரியுங்கள், சாற்றுக்கு இரண்டு மூன்று வேண்டும். உறவினர் யாராவது “அடிப்பிடிக்கப் போகுது, ஒருக்காப் புரட்டன்” என்று வருவார். அவர் கையில் ஒரு ரொட்டியையும் கத்தியையும் கொடுத்து மேசைக்கு அனுப்புங்கள்.

“முதலில் நன்றாக வாட்டினால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும்” என்று யாராவது சொல்வார். ஜெர்மன் வேதியியலர் லீபிக் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய நம்பிக்கை அது. பல பெரிய சமையல் நூல்களும் நம்பின. உணவு அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ 1984இல் எழுதிய புத்தகத்தில் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். சட்டியில் கேட்கிற சத்தமே உள்ளிருந்து கசிகிற நீர் ஆவியாகிற சத்தம்தானே; பூட்டியிருந்தால் எப்படிக் கேட்கும்? நாம் வாட்டுவது ருசிக்காக. ஆனாலும் விருந்தில் இந்த விளக்கத்தைச் சொல்லாதீர்கள். இறைச்சி ஆறிவிடும்.

பதம் பற்றிய சண்டைக்கு வருவோம். பிரெஞ்சுக்காரருக்கு நான்கு படிகள்: ப்ளூ, சேஞான், ஆ புவான், பியன் குயி. முதலாவதில் வெளியே மட்டும் சூடு, உள்ளே ஏறக்குறைய பச்சை. கடைசியில் எல்லாம் வெந்திருக்கும். நம் ஆட்கள் கேட்பது அதற்கும் அடுத்த படி, அதற்குப் பிரெஞ்சில் பெயர் இல்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ நூலில் ஸ்டேக்குக்கும் வறுத்த உருளைக்கிழங்குக்கும் தனிக் கட்டுரையே இருக்கிறது. இரத்தமும் பச்சைத்தன்மையும் அந்த நாட்டில் பலத்தின் அடையாளமாகிவிட்டதைப் பற்றி எழுதினார். பியன் குயி கேட்டால் பரிசாரகர் ஏன் அப்படிப் பார்க்கிறார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒரு சின்ன உண்மை உங்கள் மாமியாருக்கு உதவலாம்: தட்டில் ஓடுகிற சிவப்பு இரத்தம் அல்ல. தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். சொன்னதும் அவர் சமாதானமாகிவிடுவார் என்று நான் உத்தரவாதம் தரவில்லை.

வெப்பமானி வைத்திருப்பவர்கள் நடுவில் குத்திப் பார்க்கலாம்: 50ஐ ஒட்டினால் சேஞான், 55ஐத் தாண்டினால் ஆ புவான், 65க்கு மேல் பியன் குயி. எதுவாக இருந்தாலும் சில டிகிரி முன்னதாகவே எடுத்துவிடுங்கள், வெளிச்சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 3 சென்டிமீட்டர் துண்டுக்குப் பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஒரு நல்ல தொடக்கம். தட்டில் எடுத்து வைத்து ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். ஆம், மறுபடியும் சும்மா இருக்கச் சொல்கிறேன். இந்த முறை உங்களுக்கு வேலை இருக்கிறது.

சட்டியைப் பாருங்கள். அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனையும். நம் வீட்டில் இதற்கு வசவு விழும். பிரெஞ்சுக்காரர் இதை வைத்துத்தான் சாறு கூட்டுகிறார். பழுப்பாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கறுப்பாக இருந்தால் துடைத்தெறியுங்கள். கருகலின் கசப்பைக் கிரீம் மறைக்காது. எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கும். அதிக நெய்யை வடித்துவிட்டு, பொடியாக அரிந்த வெங்காயத்தை வதக்குங்கள். இங்கே கிளறலாம். ஆசை தீரக் கிளறுங்கள்.

அடுத்தது தீ. சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு கிண்ணத்தில் அளந்து வைத்த சுமார் 50 மில்லி கொன்யாக்கை விட்டு, நீளத் தீக்குச்சியால் பற்றவையுங்கள். போத்தலிலிருந்து நேரே ஊற்றினால் தீ போத்தலுக்குள் ஏற வழி தேடும். மேலே புகை உறிஞ்சும் விசிறி ஓடக் கூடாது; அங்கே ஆண்டுக்கணக்கில் சேர்ந்த எண்ணெய் இருக்கிறது. எரிந்ததும் மது முழுக்கப் போய்விட்டது என்று குடிக்காத மாமாவிடம் சத்தியம் செய்யாதீர்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி இப்படிக் கொளுத்திய பண்டத்தில் மதுவில் சுமார் முக்கால் பங்கு மிஞ்சுகிறது. மெல்லக் கொதித்துச் சுண்டினால் இன்னும் குறையும். உண்மையைச் சொன்னால், கொளுத்தாமல் சுண்டவைத்தாலும் சாறு நன்றாகவே வரும். தீ பார்வையாளருக்கு. பார்வையாளர் இல்லாத இரவில் புருவத்தைப் பாதுகாத்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் மாட்டெலும்புச் சாறு விட்டு, அகப்பையால் அடியைச் சுரண்டி, பாதியாகச் சுண்டியதும் கிரீம். கொழுப்பு 30 சதவீதமாவது உள்ள கிரீம். “உடம்புக்கு நல்லது” என்று இளைத்த கிரீமையோ பாலையோ விட்டால் திரிந்து போகும். கொழுப்பு மிகுந்து புரதம் குறைந்திருப்பதால்தான் கெட்டிக் கிரீம் கொதியைத் தாங்குகிறது. கறியில் தேங்காயின் முதற்பாலைக் கடைசியில் விட்டு, கண்ணை எடுக்காமல் நிற்பீர்களே, அந்தப் பதற்றம் இங்கே வேண்டாம். முதற்பாலையே விட்டுவிடலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். விடலாம். நன்றாக இருக்கும். பக்கத்தில் சோறு வைத்துவிடுங்கள், பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

அகப்பையின் முதுகில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு நின்றால் பதம். ஓய்வெடுத்த இறைச்சி தட்டில் விட்ட நீரையும் சாற்றில் சேருங்கள். உப்பைக் கடைசியில் பாருங்கள். சுண்டச் சுண்ட உப்பு ஏறியிருக்கும். கறித்தூள் போடலாமா என்று கை டப்பாவுக்குப் போனால், மிளகு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று கைக்குச் சொல்லுங்கள்.

சாற்றை இறைச்சியின் மேல் ஊற்றிச் சூடாகவே பரிமாறுங்கள். படம் எடுக்கிறவர்கள் ஒரே ஒரு படம். கிரீம் ஆடை கட்டத் தொடங்கிவிடும். மிஞ்சிய சாற்றை ரொட்டியால் வழித்துத் தின்பது பெரிய விருந்துகளில் மரியாதைக் குறைவு, வீட்டில் அது கட்டாயம். முழுக்க வெந்ததைக் கேட்ட மாமியாரின் துண்டை நன்றிக்கடனாக மறுபடி சட்டியில் போட்டு எடுங்கள், அவரிடம் பிரெஞ்சுக் கலாசாரம் பேச வேண்டாம். இரும்புச் சட்டியை ஊறவைக்காதீர்கள். சூடு ஆறுமுன் வெந்நீர் விட்டுத் தேய்த்து, அடுப்பிலேயே ஈரம் போகக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மாட்டுங்கள். ஊறவைக்கத்தான் போகிறீர்கள் என்று தெரியும்; துரு பிடித்தால் உப்பைப் போட்டுத் தேய்த்தால் போகும்.