இஸ்தான்புல் கடிதம்: டாலர் என்றால் மலைகள்

துருக்கி மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். போடிநாயக்கனூரிலிருந்து வந்தவருக்கு இது பெரிய நிம்மதி. தமிழில் நினைத்த வரிசையை மாற்றாமல், சொற்களை மட்டும் மாற்றினால் போதும். வேற்றுமை உருபும் தமிழில் போலவே சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும்.

'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெரிமிஸ்' எங்கள் வீடுகள், 'எவ்லெரிமிஸ்தெ' எங்கள் வீடுகளில். போடிமெட்டு ஏறும் தோட்ட ஜீப்பில் ஆள்மேல் ஆள் தொற்றிக்கொள்வது போல விகுதிகள் ஏறும். ஏறும் விகுதி வண்டிக்கேற்பச் சட்டை மாற்றவேண்டும் என்பதுதான் சங்கடம். சொல்லின் கடைசி உயிர் எ, இ என்றால் 'லெர்'. அ, ஒ, உ என்றால் 'லர்'. மலைக்கு 'டா' என்று பெயர். அதன் பன்மை 'டாலர்'! போடி ஏலத் தோட்டக்காரர் மேற்கே மலையைப் பார்த்து நினைப்பதும் அதைத்தான். ஆனால் 'எலிம்' என்று காதில் விழுந்தால் விலை கேட்கக் கூடாது; அதற்கு 'என் கை' என்று பொருள். ஏலக்காய் இங்கே 'ககுலெ'.

'சாய் வர்' என்றால் டீ இருக்கு. 'சாய் வர் மி?' டீ இருக்கா? 'சாய் யோக்' டீ இல்லை. டீ கீ என்பதற்கு 'சாய் மாய்' என்பார்கள். கடைக்காரரை 'ஆபி', அதாவது அண்ணே, என்று கூப்பிடலாம்.

கண்ணால் கண்டதற்கும் காதால் கேட்டதற்கும் இங்கே வினைமுற்று வேறு. 'ஃபியாத் துஷ்து' என்றால் விலை விழுந்தது. 'ஃபியாத் துஷ்முஷ்' என்றால் விலை விழுந்ததாம். ஏலக்காய் ஏலம் முடியுமுன்பே போடி டீக்கடைகளில் உலவும் அந்த 'ஆம்'தான் இந்த 'முஷ்'.

தமிழர் தடுமாறும் இடமும் உண்டு. துருக்கியில் ஆண்பால், பெண்பால் கிடையாது. அவன், அவள், அது மூன்றுக்கும் 'ஒ' ஒன்றே. மாப்பிள்ளை வந்தாலும் கழுதை வந்தாலும் 'கெல்தி'தான். எழுத்து சுலபம்: 1928-இல் அரபு எழுத்தை விட்டு லத்தீனுக்கு மாறினார்கள். போடிக்கு முதலில் ரயில் வந்ததும் அந்த வருஷம்தான்.

இத்தனை ஒற்றுமை இருப்பதால் உறவு கொண்டாட வேண்டாம். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், துருக்கியும் அடங்கும் சித்தியக் கூட்டத்தோடு திராவிட மொழிகளைச் சேர்த்துப் பார்த்தார். இன்றைய மொழியியலார் அதை ஏற்பதில்லை. இரண்டும் வேறு வேறு குடும்பம். தமிழ் வாக்கியத்தை ஒழுங்காக முடிக்கத் தெரிந்தவருக்குத் துருக்கி இலக்கணம் பாதி வந்தாயிற்று; மீதி லர்-லெர் கணக்கு.