சுண்ணாம்புச் சுகாதாரம்

பனமலைக் குன்றின் மேல் பல்லவன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய அம்மன் ஒருத்தி குடைக்குக் கீழே ஒயிலாக நிற்கிறாள். 1,300 வருஷத்து மழை, வெயில், வவ்வால், பெயர் கிறுக்கும் காதலர்கள் எல்லாரையும் தாங்கி மிச்சம் இருக்கிறாள். நம் காலத்து அரசும் சுண்ணாம்புச் சித்திரம் தீட்டுகிறது. குன்றுக்குக் கீழே, சாலையின் இரண்டு ஓரத்திலும், நேர்கோட்டில். பிளீச்சிங் பவுடர். அதன் ஆயுள் அதிகாரியின் கார் திரும்பிப் போகும் வரைக்கும்தான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணை வீட்டுக்குள் புகுந்தது. இருவேல்பட்டில் பார்வையிட வந்த அமைச்சர் மேல் சேறு வீசினார்கள். சேறு வீசியது அநாகரிகம் என்று தலையங்கங்கள் சொல்லின, இருக்கட்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் அரசாங்கம் தெருவில் வீசும் வெள்ளைத் தூளைப் பற்றி எந்தத் தலையங்கமும் எழுதவில்லை. சேறு கோபத்தைக் காட்ட வீசியது, தூள் அக்கறையைக் காட்ட வீசியது. கிருமிக்கு இரண்டாலும் ஒரு சேதமும் இல்லை.

பிளீச்சிங் பவுடர் மோசமான பொருள் இல்லை. உயிர் காக்கும் பொருள். ஆனால் அது வேலை செய்யும் இடம் தண்ணீர்த் தொட்டி. ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் போட்டு, அரை மணி நேரம் விட்டு, கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். முப்பதாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம் போதும். 25 கிலோ மூட்டை ஒன்றை வைத்துக்கொண்டு அந்தத் தொட்டியை இருநூறு தடவை சுத்தம் செய்யலாம். அதே மூட்டையை மண்ணில் கொட்டினால், மண்ணிலும் சாணத்திலும் உள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். மிஞ்சுவது சுண்ணாம்பு, மூக்கெரிச்சல், புகைப்படம். கிருமி என்ன ரோட்டோரமாக வரிசை கட்டி நடந்தா வருகிறது, கோட்டைத் தாண்டாமல் நிற்க? தொட்டியில் போட வேண்டியதை ஏன் ரோட்டில் போடுகிறார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை. தொட்டிக்குள் போட்டால் யார் கண்ணில் படும்? ஏணி ஏறி எந்த அமைச்சர் எட்டிப் பார்க்கப் போகிறார்?

புகையும் அப்படித்தான். டெங்கு வந்தால் கொசு மருந்து வண்டி வரும். சாயங்காலம் வரும், சத்தத்தோடு வரும், பின்னாலேயே பிள்ளைகள் ஓடும். டெங்குக் கொசு கடிப்பது பகலில். அது இருப்பது வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியில், தொங்கும் சட்டைக்குப் பின்னால். முட்டையிடுவது தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும். தெருவில் விடும் புகையால் டெங்கு குறைந்ததா என்று உலகத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மறுஆய்வு 2010-ல் வெளிவந்தது. தெளிவான சான்று இல்லை என்றது. நம்முடைய தேசியத் திட்டத்தின் வழிகாட்டுதலிலேயே முதலிடம் கொசுப்புழு ஒழிப்புக்குத்தான், புகைக்கு இல்லை. ஆனால் வீடு வீடாகப் போய் டிரம்மைக் கவிழ்க்கும் பணியாளருக்குத் தினக்கூலி. புகை வண்டிக்குக் கொடியசைப்பு விழா.

டெங்குவின் இன்னொரு விழா, கஷாயம். 2012-லிருந்து நிலவேம்புக் குடிநீர் பஸ் ஸ்டாண்டு தோறும், கட்சி தோறும் ஊற்றப்பட்டது. 2017 அக்டோபரில் கமல்ஹாசன், முறையான ஆய்வு முடிவு வரும் வரை தம் ரசிகர்கள் அதை விநியோகிக்க வேண்டாம் என்று ட்விட்டரில் சொன்னார். போலீசில் புகார், உயர் நீதிமன்றத்தில் மனு, முகாந்திரம் இருந்தால் வழக்குப் பதியலாம் என்று உத்தரவு. ஒரு மருந்து வேலை செய்யுமா என்ற கேள்விக்குப் பதிலை இன்ஸ்பெக்டரிடம் தேடிய நாடு நம்முடையது. அந்தக் குடிநீரைப் பற்றி ஆய்வே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆய்வகத் தட்டில் செல்களின் மேல் சோதித்திருக்கிறார்கள், வைரஸ் அடங்கியிருக்கிறது. தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் வைரஸ் அடங்கும். அதற்காகச் சோப்புத் தண்ணீரைக் குடிக்கச் சொல்வோமா?

சித்த மருத்துவத்தை மட்டம் தட்டுகிறான் என்று கிளம்பிவிடாதீர்கள். கோட்டு போட்டவர்கள் ஆடிய கூத்து இதைவிடப் பெரிது. கொரோனாவுக்குப் பிளாஸ்மா கொடுத்தால் பலன் உண்டா என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே நாட்டின் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்தது. உலகமே பாராட்டிய ஒழுங்கான சோதனை. 2020 செப்டம்பரில் முடிவு வெளியானது: இறப்பும் குறையவில்லை, நோய் முற்றுவதும் குறையவில்லை. அரசின் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே 17. நடுவில் எட்டு மாதம். அதற்குள் இரண்டாவது அலை வந்து, பிள்ளைகள் தகப்பனுக்காக நள்ளிரவில் பிளாஸ்மா கேட்டு ஊர் முழுக்கப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். தன் கையால் எடுத்த சான்றைத் தானே படிக்க அரசுக்கு எட்டு மாதம் ஆயிற்று. இங்கே சென்னையில் 2020 ஜூலையிலேயே, சோதனை முடிவு வருவதற்கு முன்னாலேயே, பிளாஸ்மா வங்கிக்கு ரிப்பன் வெட்டி முடித்துவிட்டார்கள். வெட்டிய ரிப்பனைத் திரும்ப ஒட்ட முடியுமா?

எங்கள் மாவட்டத்துக்காரனுக்குச் சான்று என்றால் அன்னியமான சரக்கு இல்லை. அது எங்கள் ரத்தத்தில் எடுத்தது, அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. 1990-களில் புதுச்சேரியில் இருக்கும் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையத்தார் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் யானைக்கால் நோய்க்கு மருந்துச் சோதனை நடத்தினார்கள். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்த ஓட்டத்துக்கு வரும், அதைச் சுமக்கும் கொசு ராத்திரியில் கடிப்பதால். ஆகவே ரத்தமும் ராத்திரியில்தான் எடுக்க வேண்டும். பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு, நாற்று நட்டுவிட்டுப் படுத்த ஜனங்கள் எழுந்து வந்து விரலை நீட்டினார்கள். சில ஊர்களுக்கு டிஇசி மாத்திரை, சில ஊர்களுக்கு ஐவர்மெக்டின், சில ஊர்களுக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை விழுங்கிய ஊர்களும் வருஷம் வருஷம் விரலை நீட்டின. வருஷத்துக்கு ஒரு வேளை மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் நோய் பரவுவது வெகுவாகக் குறையும் என்று தெரிந்தது. உலக மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்தன.

அந்த ஆய்வாளர்களே இன்னொன்றையும் எழுதினார்கள். அதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் படிக்கவில்லை. கையில் கொடுத்த மாத்திரையை எல்லாரும் விழுங்குவதில்லை. கணிசமானவர்கள் ஜன்னலோரம் வைத்துவிடுகிறார்கள். அரசுப் பதிவேட்டிலோ விநியோகித்ததெல்லாம் விழுங்கியதாகக் கணக்கு. விளைவு, ஒழிப்புக்குக் குறித்த வருஷம் தள்ளிக்கொண்டே போயிற்று. 2002-ன் தேசிய சுகாதாரக் கொள்கை 2015 என்றது. 2017-ன் கொள்கை அதே 2017 என்றது. பிறகு 2021. இப்போது 2027. புழுவுக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தால் சிரித்திருக்கும்.

சாப்பாட்டு உப்பிலேயே மருந்தைக் கலந்து கொடுத்தால் விழுங்கினாரா இல்லையா என்ற வழக்கே இல்லை. சீனா யானைக்காலை ஒழித்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு. அதுபற்றிய சோதனைகளையெல்லாம் திரட்டி எடைபோட்ட காக்ரேன் மறுஆய்வு 2007-ல் வந்தது, உப்பு நன்றாக வேலை செய்கிறது என்றது. எழுதியவர்களில் சிலர் எந்த ஊர்? திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், அதே புதுச்சேரி மையத்தார்தான். தமிழ்நாட்டுக் கிராமத்து அடுப்பங்கரைகளுக்கு அந்த உப்பு மாநிலம் தழுவிய திட்டமாக வந்து சேரவில்லை.

நம் பத்திரிகைகளுக்குப் பிடித்த நோய் ஒன்று உண்டு: மர்மக் காய்ச்சல். அரசுக்கும் பிடிக்கும், ஏனென்றால் மர்மத்துக்கு எந்த வருஷ அறிக்கையிலும் கட்டம் கிடையாது. அந்த மர்மத்தில் ஒரு பகுதிக்குப் பெயர் இருக்கிறது. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல் என்கிறார்களே அது. வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000 பேரை இரண்டு வருஷம் பின்தொடர்ந்து, கிராமத்துக் கடுங்காய்ச்சலுக்கு இது முக்கியக் காரணம் என்று 2025-ல் உலகத்தின் முதன்மை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். மருந்து டாக்ஸிசைக்ளின், மாத்திரை சில ரூபாய். சீக்கிரம் கண்டுபிடித்துக் கொடுத்தால் பிழைப்பார்கள், விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் கைவிடும்.

கண்டுபிடிக்க ஒரு தடயமும் உண்டு. பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி, கறுத்த பொருக்கு. எல்லாருக்கும் இருக்காது, இருந்தால் சோதனைக்கூடமே தேவையில்லை. ஆனால் அது இருக்கும் இடம் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில். ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது ஒரு நிமிஷம். மேஜைக்கு எதிரே ஸ்டூல். பின்னால் நிற்பவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார். எங்கே காட்டுவாள்? களையெடுக்கப் போய்ப் பூச்சி கடித்து வந்தவளுக்கு ஒரு பாராசிட்டமால், ஒரு ஊசி, ‘மூணு நாள் கழிச்சு வாம்மா’. மூன்றாம் நாள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கோ ஜிப்மருக்கோ ஆம்புலன்ஸில். அவளைக் காப்பாற்றத் தேவைப்பட்டது ஒரு திரைச்சீலையும் ஒரு நர்ஸும் ஐந்து நிமிஷமும். திரைச்சீலைக்கு யார் திறப்பு விழா நடத்துவார்?

காசநோய்க்கு வருகிறேன், வயிறு எரிவது அங்கேதான். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, சானடோரியத்தில் படுத்திருந்த நோயாளியும், வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு மாத்திரை சாப்பிட்ட ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவு குணமானார்கள் என்று 1959-ல் உலகத்துக்குச் சொன்னது. வீட்டிலிருந்தவர்களின் சாப்பாடு மட்டம், ஆனாலும் தேறினார்கள். உலகம் சானடோரியங்களை மூடியது. நம் அரசு அதைத் தாவிப் பிடித்துக்கொண்டது. 1962-ல் தேசியத் திட்டமே வீட்டுச் சிகிச்சையில்தான் எழுந்தது. நல்ல சான்று, மறுப்பில்லை. அதில் கட்டில் செலவு மிச்சம், சாப்பாட்டுச் செலவும் மிச்சம். கஜானாவுக்கு லாபம் தரும் சான்று எவ்வளவு வேகமாகத் திட்டமாகிறது பாருங்கள்.

2023-ல் இன்னொரு சான்று வந்தது. ஜார்க்கண்டில், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு. நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கவனித்தார்கள். புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஊசியில்லை, மெஷினில்லை. சோறும் பருப்பும்.

அரசு என்ன செய்தது? நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்ததை 2024 நவம்பரில் 1,000 ஆக்கியது. ஆக்கட்டும், நல்லது. குடும்பத்தாருக்கு? அவர்களை ‘நிக்‌ஷய் மித்ரா’விடம் தள்ளிவிட்டது. மித்ரா என்றால் நண்பன், நடைமுறையில் தருமவான். கம்பெனியோ கட்சிக்காரரோ தத்தெடுத்து உணவுப் பொட்டலம் கொடுப்பார். பொட்டலத்தின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையை நோயாளி பிடிக்க, நடுவில் பேனர். நோயைச் சொன்னால் வேலை போகும், பெண்ணுக்கு வரன் தட்டும் என்று அண்டை வீட்டுக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்தவன், ஒன்றரைக் கிலோ பருப்புக்காகக் கேமரா முன் நிற்க வேண்டும். கட்டிலைக் குறைக்கச் சொன்ன சான்றுக்குத் தேசியத் திட்டம். பருப்பைக் கூட்டச் சொன்ன சான்றுக்கு உண்டியல். 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று பிரதமர் 2018-ல் அறிவித்தார். இலக்கு, 2015-ல் இருந்ததில் 80 சதவீதம் குறைப்பது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2024 வரை குறைந்தது 21 சதவீதம்.

ஒன்றை ஒழுங்காகச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் தமிழ்நாடு, காசநோயாளி வந்தவுடனே எடை, மூச்சு, ஆக்ஸிஜன் அளவு, தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கும் திட்டம் தொடங்கியது. காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று பெயர். சான்றைப் படித்து, நர்ஸ் கையில் ஒரு தாளில் கொடுத்தார்கள். அதில் புகையும் இல்லை, வெள்ளைத் தூளும் இல்லை. ஆகையால் உங்களில் பாதிப் பேர் இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள்.

அந்தத் தாள் எழுதிய அரசுக்குப் பருப்பு கொடுக்க மட்டும் வழி தெரியாமலா போகும்? ரேஷன் கடையில் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு முப்பது ரூபாய்க்கு ஏற்கெனவே போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தராசு இருக்கிறது, பில் மெஷின் இருக்கிறது, ஊருக்கு ஊர் கடை இருக்கிறது. நோய் வந்த வீட்டுக் கார்டில் ஆளுக்கு ஒன்றரைக் கிலோவைச் சேர்த்து, எதற்கென்று எழுதாமல், மற்றவர்களோடு வரிசையில் நிறுத்தி அளந்து போட்டு அனுப்பலாம். யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் சிக்கல் போலிருக்கிறது.