முந்தித் திரும்புதல்: ஒரு சாஸ்திர விசாரம்

கணினியின் நினைவகத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் நோடுகளை, ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததன் விலாசத்தை மாத்திரம் அறிந்திருக்குமாறு கோத்து வைக்கும் லிங்க்டு லிஸ்ட் என்னும் ஏற்பாட்டை, 1955-56-ஆம் ஆண்டுகளில் நியூவெல், ஷா, சைமன் ஆகிய மூவர் அமெரிக்காவில் வகுத்தார்கள் என்று சரித்திரம் சொல்லும். புதுக்கோட்டைச் சீமைக்காரன் இதைக் கேட்டு மூக்கில் விரலை வைக்க வேண்டிய அவசியமில்லை. மேலைக் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியே கீழைக் கண்மாய்க்கு நீர் போவதும், எந்தக் கண்மாய்க்கும் தன் கீழுள்ளதைத் தவிர மற்றொன்றின் சமாசாரம் தெரியாதிருப்பதும் இங்கே நெடுங்காலத்துச் சம்பிரதாயம்.

இத்தகைய சங்கிலியின் கடைசியில் புதிய நோடு ஒன்றைச் சேர்க்கப் புகும்போது, சங்கிலியே இன்றி, அதன் முதல் நோடைச் சுட்டும் ஹெட் 'நல்' (வெறுமை) ஆக இருக்குமாயின், வந்த நோடையே ஹெட்டாக்கிவிட்டு அக்கணமே ரிட்டர்ன் போட்டு வெளியேறலாமா, அன்றி 'எல்ஸ்' பிரித்துக்கொண்டு ஃபங்ஷனின் கடைசி வரி வரையில் நடந்துதான் விடைபெற வேண்டுமா என்பதே நமது விசாரணை.

பூர்வபட்சிகள் 'நுழைவது ஒரு வாசல், வெளியேறுவதும் ஒரு வாசல்' என்பார்கள். 1968 மார்ச்சில் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா எழுதிய பிரசித்தமான கடிதத்தை இதற்குப் பிரமாணமாகக் காட்டுவோரும் உண்டு. அவர் அதில் கண்டித்தது, நினைத்த வரிக்குத் தாவச் செய்யும் 'கோடூ'வை; குருவின் கோபத்தைச் சிஷ்யர்கள் கோடூவின் பங்காளியான ரிட்டர்ன் வரையில் நீட்டுகிறார்கள்; இது எல்லா மடங்களிலும் உள்ள வழக்கம்தான். திறந்த கோப்பை மூடாமலும், வாங்கிய நினைவகத்தை விடுவியாமலும் நடுவழியில் ஓடிவிடக் கூடாது என்ற அவர்கள் வாதத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது.

புதுக்கோட்டை, திருச்சி தஞ்சை ஜில்லாக்களிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அதே 1974-இல், மற்றொரு கணினி அறிஞரான டொனால்டு நுத் நீண்டதொரு கட்டுரை வரைந்து, இடமறிந்து நடுவிலேயே வெளியேறுவதற்கு அபயம் அளித்தார். இவ்விரண்டு சம்பவங்களுக்கும் சம்பந்தம் உண்டென நிறுவ ஆதாரம் தேடி வருகிறோம்.

ரிட்டர்னும் இன்றி எல்ஸும் இன்றி எழுதிவிடும் மாணவன் கதியே பரிதாபகரமானது. காலி லிஸ்டில் ஹெட்டாக அமர்ந்த நோடு, அங்கேயே நில்லாமல் கீழேயுள்ள லூப்புக்குள் இறங்கி, லிஸ்டின் கடைசி நோடு யாரென்று தேடி, அது தானே என்று கண்டு, தன் அடுத்த விலாசமாகத் தன்னையே எழுதிக்கொள்கிறது. தன் கலிங்கு நீரைத் தன்னுள்ளேயே விட்டுக்கொள்ளும் கண்மாய் இது! பின்னர் அந்த லிஸ்டை அச்சிடப் புகுந்தால், ஒரே எண் திரை முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். லேப் அட்டெண்டர் வந்து ஸ்விட்சை அணைக்கும் வரையில் ஓடும்.

இரு கட்சியாரையும் ஒருசேர வாயடைக்கும் மூன்றாம் மதம் ஒன்று உண்டு. லினக்ஸ் கண்ட லினஸ் டோர்வால்ட்ஸ் 2016-இல் டெட் மேடையில், நோடை நீக்கும் காரியத்தை உதாரணமாக்கி, தலைநோடுக்கென்று தனிவழக்கே வேண்டாதபடி எழுதுவதே நல்ல ரசனை என்றார். சேர்ப்பதற்கும் அது பொருந்தும். கண்மாயைப் பாராமல், கண்மாய்க்கு நீர் வரும் வாய்க்காலையே பார்த்து நடந்தால், முதல் கண்மாயும் நடுக் கண்மாயும் ஒன்றாகிவிடுகின்றன. முந்தித் திரும்ப எதுவும் மிஞ்சுவதில்லை.

சித்தாந்தம் இதுவே என்று நாம் சாதிக்கத் தயார். ஆனால் இதற்கு இரட்டை நட்சத்திரக் குறியிட்ட பாயிண்டர் தேவைப்படுகிறது. அதை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் பொருத்தம் பார்க்க ஜோசியரைத் தேடுகிறார்கள். ஆகையால் செமஸ்டர் முடியும் வரையில் ரிட்டர்னையே சிபாரிசு செய்கிறோம்.