கூம்பில் எவ்வளவு கொள்ளும்?

கச்சாங் பூத்தேக்காரர் காகிதக் கூம்பு நிறையக் கடலை தருகிறார். பாதி ஆழம் போவதற்குள் தீர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறதே, என்ன மாயம்?
— வாசகி, கம்போங் மேடான்

மாயமில்லை, கணக்கு. பாதி ஆழம் வரை தின்றால் எட்டில் ஏழு பங்கு உங்கள் வயிற்றில். மிச்சம் எட்டில் ஒன்றுதான். அதே வாயும் உயரமும் உள்ள நேரான டின்னில் மூன்று கூம்புக் கடலை கொள்ளும். 2,300 ஆண்டுகளுக்கு முன்பே யூடோக்சஸ் என்ற கிரேக்கர் இதை நிரூபித்துவிட்டார். தம்பிக்குப் பாதி தருவதாக இருந்தால், அடிப்பாதியை மட்டும் நீட்டிவிடாதீர்கள். பாவம்!

விளக்கணைந்தால் சிவப்புச் சேலையும் கறுப்பாகத் தெரிகிறதே?
— வாசகர், கிள்ளான்

கண்ணிலுள்ள கூம்புகள் தூங்கப் போய்விட்டன! ஒவ்வொரு விழித்திரையிலும் சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள். நிறம் பார்ப்பது அவைதான். வெளிச்சமில்லாமல் வேலை செய்யா.

கடற்கரையில் அழகான கூம்புச் சங்கைக் கண்டால் எடுக்கலாமா?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

உள்ளே நத்தை உயிரோடிருந்தால் தொடவே தொடாதீர்கள். சில வகை கொட்டினால் ஆளே போய்விடுவார். அந்தக் குடும்பத்து நத்தை ஒன்றின் நஞ்சிலிருந்து பிறந்ததுதான் சிகோனோடைடு; கடும் வலிக்கு முதுகுத்தண்டு வழியே செலுத்தும் இந்த மருந்தை அமெரிக்கா 2004இல் அனுமதித்தது.