கணிதம் விழுங்கிய வானம்

கோடியக்கரைப் பூநாரைக் கூட்டத்தைப் படம் எடுத்தால், கோப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறதே! மீதிப் பறவைகளைக் கணிதம் விழுங்கிவிட்டதா?
– வாசகர், வேதாரண்யம்

பறவை ஒன்றைக்கூட விழுங்கவில்லை, விழுங்கியது வானத்தை! சதுப்பு நிலப் படத்தில் பெரும்பகுதி வானமும் உப்பு நீரும்தான். அங்கே ஒரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் நிற வித்தியாசம் மிகக் குறைவு. படங்களைச் சுருக்கும் ஜேபெக் (JPEG) முறை படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் 64 நிற எண்களையும் ஓர் எண் அணியால் (matrix) பெருக்குகிறது. விடையும் 64 எண்கள்தான். ஆனால் வானக் கட்டத்தில் முதல் சில எண்களுக்கே கனம் உண்டு. மற்றவை, வகுத்து முழு எண்ணாக்கும்போது பூஜ்யமாகிவிடும். வரிசையாக வரும் பூஜ்யங்களை எழுத இடம் அதிகம் வேண்டாம். இந்தப் பெருக்கலை 1974-ல் வெளியிட்டவர்கள் டி. நடராஜன், கே. ஆர். ராவ், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது ஆகியோர். மிகவும் எளிமையாக இருக்கிறது என்று முன்பு அமெரிக்காவில் நிதி மறுக்கப்பட்ட யோசனை இது!

எப்படிச் சுருக்கினாலும் இழப்பு இழப்புதானே என்றால், ஆமாம். வானத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த இழப்பு, இறகின் விளிம்பிலும் கால் வளையத்தில் பொறித்த எண்ணிலும் தெரியும். அங்கே சின்ன எண்களுக்கும் பொருள் உண்டு. திருத்தித் திருத்திச் சேமித்தால் அவை மேலும் கரையும். வலசைப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராயும் கோடியக்கரையில் இது சிறிய விஷயமல்ல. நண்பருக்கு அனுப்பச் சுருக்குங்கள்; ஆய்வாளருக்கு அசலைக் கொடுங்கள்.