கிணற்றில் இறக்கிய போத்தல்

கப்பலில் ஏறி ஒரு மணித்தியாலம் ஆகுமுன்னே என் மனைவியும் குடிகாரியாகப் பதியப்பட்டாள். ஒரே கபினில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் குடிவகைப் பக்கேஜ் எடுத்தால் மற்றவரும் எடுத்தே ஆகவேண்டும் என்பது அந்தக் கப்பற் கொம்பனியின் சட்டம். ஒருவர் காசு கட்ட இருவர் குடித்துவிடுவார்களாம். வல்வெட்டித்துறையில் பிறந்து, வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசட்டிக்கு ஆறு நாள் உபவாசம் என்று வளர்ந்து, ரொறன்ரோக் குளிரிலும் அதில் ஒன்றையும் விடாதவள். அவள் பேரில் நாளுக்கு அறுபது டொலருக்கு மேல் குடிக்கணக்கு. அதன்மேல் 18 வீதம் பரிமாறுகிறவர் கூலி.

“அப்ப நான் என்னத்தைக் குடிக்கிறது?”

“ஜிஞ்சர் பியர் இருக்குமப்பா.”

“ஜிஞ்சர் பியருக்கு அறுபது டொலரோ?”

அந்தக் கேள்விக்கு ஏழு இரவும் நான் மறுமொழி சொல்லவில்லை.

கலியாணமாகி நாற்பதாவது வருடம் என்று 2024 மாசியில் மகள் செய்த ஏற்பாடு அது. “அப்பா, முப்பத்தைஞ்சு வருஷம் கப்பலில இருந்தனீங்கள். ஒருக்காலாவது பயணியாப் போய்ப் பாருங்கோ” என்றாள். போட் லோடர்டேலில் ஏறினோம். பதினோராம் தட்டில் ஒரு பார், நீச்சல்குளத்தடியில் இரண்டு, நாடக மண்டப வாசலில் ஒன்று, இருட்டுக்குள் பியானோவோடு ஒன்று. இஞ்சின் றூம் ஆள் நான். கப்பலில் எத்தனை பம்பு என்று எண்ணிப் பழகியவன், பாரை எண்ணினேன். பன்னிரண்டாவதோடு விட்டுவிட்டேன்.

பன்னிரண்டிலும் ஒரே பியர். பெயர் வேறு, போத்தல் வேறு, குழாய்ப் பிடியில் கீறிய மிருகம் வேறு. வாயில் வைத்தால் ஐஸ் போட்ட அரிசி கழுவின தண்ணி. குற்றம் பாரில் நிற்கிற பெடியனுடையதல்ல. ஐயாயிரம் பேருக்கு ஏழு நாளுக்கான பியர் ஒரே பகலில் ஏற்றப்படவேண்டும். வெயிலில் கிடந்தாலும் கெடக்கூடாது. எவருக்கும் பிடிக்காமல் போகவும் கூடாது. எவருக்கும் பிடிக்காமல் போகாத பியர் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

இதற்கு மாற்றுத் தேடியவர்களும் உண்டு. 2010இல் ‘ஐடாபுளூ’ என்ற ஜெர்மன் உல்லாசக் கப்பலில் பியர் ஆலையொன்றையே வைத்தார்கள். கடல்நீரை நன்னீராக்கி, அதில் மோல்ற் ஊறப்போட்டு, கப்பலிலேயே காய்ச்சினார்கள். 2016இல் ‘கார்னிவல் விஸ்ரா’வும் அப்படியொன்றோடு இறங்கியது. கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரத்தோடு வாழ்நாளில் பாதியைக் கழித்தவன் நான். அந்தத் தண்ணியில் தேநீர் போட்டால் தகரம் மணக்கும். பியர் எப்படியோ, குடித்துப் பார்க்கக் கிடைக்கவில்லை.

என் அம்மப்பா தண்டயல். பாய்க்கப்பல் ஓட்டின தலைவரை எங்கள் ஊரில் தண்டயல் என்பார்கள். வேப்பமரமும் இலுப்பையும் வெட்டி, கடற்கரை மணலிலேயே கப்பல் கட்டி, பர்மாவுக்குப் போய் அரிசி ஏற்றி வந்த ஊர். அவருடைய கப்பலில் ஒரு சொட்டுக் கள்ளுக்கூட ஏறாது. கப்பல் புறப்பட முன் முத்துமாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தி, அணியத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டுதான் பாய் விரிப்பார்கள். “அம்மாள் இருக்கிற இடத்தில போத்தல் இருக்கேலாது” என்பார். பிரித்தானியக் கடற்படை ஒரு காலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கலன் பியர் அளந்தது. பீப்பாய்த் தண்ணி நாறிப்போகும், பியர் நாறாது என்ற கணக்கு. எங்கள் ஆட்கள் மரப்பீப்பாய்த் தண்ணியையே வங்காள விரிகுடா முழுக்கக் குடித்தார்கள்.

அந்த வறண்ட கப்பல்களில் ஒன்றுதான் அமெரிக்காவுக்கே போனது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’யை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். சிறு படகில் உலகத்தைச் சுற்றி வந்த மனுசன். மனைவியின் பெயரை வைத்து ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ ஆக்கினார். எங்கள் ஊர் மாலுமிகளே அதை ஓட்டிப்போய் 1938இல் மசாசூசெற்சின் குளோஸ்ரர் துறைமுகத்தில் விட்டார்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது 1933 டிசெம்பரில். ஐந்து வருடம் முந்திப் போயிருந்தால் கப்பலைப்போலக் கரையும் வறண்டிருக்கும். “அங்க போய் என்ன குடிச்சவையாம்?” என்று சின்ன வயதில் அம்மப்பாவைக் கேட்டேன். “தண்ணி” என்றார். எந்தத் தண்ணி என்று விளங்க எனக்குப் பத்து வருடம் எடுத்தது.

கரைக்கு வந்தால் அம்மாளின் சட்டம் முடிந்துவிடும். நேரே பனங்கூடலுக்குள் போவார். அங்கே ஒரு கொட்டில், ஒரு வாங்கு, வரிசையாக முட்டிகள். தவறணை என்று பெயர். ஓலையை மடக்கிக் கட்டிய பிளாவில் வார்ப்பார்கள். பிளாவைப் பற்றி இப்போது ஊருக்குப் போய் வருகிறவர்கள் உருகி உருகிப் பேசுகிறார்கள், இயற்கையாம், அழகாம். இருக்கட்டும். யாருடைய பாத்திரத்தில் யார் வாய் வைப்பது என்பது பெரிய வழக்காக இருந்த ஊரில், குடித்ததும் எறிந்துவிடுகிற ஓலை பலருக்கு வசதியாகவும் இருந்தது. மரம் ஏறி இறக்கித் தருகிறவரின் கள்ளு வேண்டும், அவர் வீட்டுச் செம்பு வேண்டாம். அழகு பேசுகிறபோது அதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

கள்ளைப்போல அவசரக்காரக் குடிவகை வேறில்லை. பாளையிலிருந்து சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிப்பு நின்று கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. காலையில் இறக்கியது இனிப்பு, மத்தியானம் நுரை, பின்னேரம் கடுப்பு, மறுநாள் வினாகிரி. வலுவில் பியரளவு, நாலைந்து வீதம். கப்பலேற அதற்கு நேரமில்லை. வெள்ளைக்காரர் தங்கள் பியருக்குக் கூடுதலாக ஹொப்ஸ் போட்டு, ஆபிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இன்று ஐபிஏ என்று கசப்பாக விற்கப்படுவது அந்த வம்சம். கள்ளை யாரும் அப்படிப் பழக்கவில்லை. பிறகு போத்தலில் அடைத்துச் சூடாக்கிக் கடல் கடத்திப் பார்த்தார்கள். லண்டனில் மச்சான் வீட்டில் ஒன்று குடித்தேன். கள்ளின் பாஸ்போட் படம் மாதிரி இருந்தது. எங்களூருக்குக் கிழக்கே திக்கத்து வடிசாலையில் அதைச் சாராயமாக்கினார்கள். கள்ளுக்குத் தூரம் போகிற வழி அது ஒன்றுதான்.

பியரை நான் முதன்முதல் கண்டது 1969இல், அக்காவின் கலியாணத்தில். பின்வளவுக் கிணற்றடியில். வீட்டில் பிறிஜ் இல்லை. கொழும்பிலிருந்து வந்த மாமா ஒரு டசின் லயன் ஸ்ரவுட் கொண்டுவந்திருந்தார். சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1849இல் நுவரெலியாக் குளிரில் தொடங்கிய பியர் ஆலையின் வழிவந்த சரக்கு. நுவரெலியாவில் குளிராகப் பிறந்தது வல்வெட்டித்துறைக்கு வந்து சேரும்போது கொதித்துக் கிடந்தது. போத்தல்களை வாளிக்குள் வைத்து, கயிற்றைப் பூவரச மரத்தில் கட்டி, கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். காவலுக்கு நான். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு தூக்கினால் கிணற்றுத் தண்ணி எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர். அதாவது குளிரே இல்லை. காவற்கூலியாக மாமா அரை றம்ளர் தந்தார். கறுப்பு. சுட்ட பனங்கட்டியும் கோப்பியும் கலந்த மணம். முட்டை அடித்துக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லி, பெரியவர்கள் அதை மருந்துக்கணக்கில் எழுதினார்கள். நாக்குக்கு நல்லது என்று யாரும் சொல்லவில்லை. நான் கண்டுபிடித்தேன்.

1973இல் கப்பலேறினேன். கிரேக்க முதலாளியின் பழைய சரக்குக் கப்பல். அந்தக் கப்பல்களில் பியர் பெட்டி பெட்டியாக வரும், பொண்ட் ஸ்ரோரில் வரியில்லாமல். சம்பளத்தில் கழிப்பார்கள். ஆனால் துறைமுகம் வந்தால் சுங்கக்காரர் ஏறி ஸ்ரோருக்கு சீல் வைத்துவிடுவார்கள். ஆக, நடுக்கடலில் வேலை தலைக்கு மேல் இருக்கும்போது பியர் உண்டு. கரையில் ஓய்வாக நிற்கும்போது இல்லை. அதனால் நடந்தோம். துறைமுக வாசலடியில் வெளிச்சம் போட்ட பார்களைத் தாண்டி, மூன்றாவது நாலாவது தெருவில், டொக் தொழிலாளர் குடிக்கிற இடத்துக்கு. அன்ற்வேப்பிலும் ஹம்பேர்க்கிலும் நான் குடித்த நல்ல பியரெல்லாம் அப்படி நடந்து குடித்தவைதான்.

பிறகு எண்ணெய்க் கப்பலுக்கு மாறினேன். 1989இல் அலாஸ்காவில் ‘எக்சன் வால்டீஸ்’ பாறையில் ஏறி எண்ணெய் கொட்டியது. கப்டன் கரையில் குடித்தாரா என்பது வழக்கானது. அதன்பின் எண்ணெய்க் கப்பல்கள் ஒவ்வொன்றாக வறண்டன. 2010இல் உலக மாலுமிகள் எல்லோருக்குமாக இரத்தத்தில் 0.05 வீதம் என்று எல்லை எழுதினார்கள். நான் அதற்கு இரண்டு வருடம் முந்தியே இளைப்பாறிவிட்டேன். அப்போதே என் கப்பலில் ஒரு போத்தலும் இல்லை. அம்மாளின் சட்டத்தைக் காப்புறுதிக் கொம்பனிகள் எடுத்துக்கொண்டன. இடையில் ஊரில் சண்டை. 1990களின் பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் பற்றரியும் வராத இடத்தில் பியரைப் பற்றி யார் கேட்டார்கள்? பனை மட்டும் நின்றது. அதிலும் எத்தனையோ பதுங்குகுழிக்குத் தறிபட்டன.

கரீபியனுக்கு வருகிறேன். நாலாம் நாள் கப்பல் யமேக்காவின் பல்மத் துறையில் கட்டியது. 2011இல் உல்லாசக் கப்பலுக்கென்றே திறந்த துறை. வேலிக்குள்ளேயே கடைகள், வேலிக்குள்ளேயே பார்கள், அங்கேயும் ஐஸ் போட்ட அதே அரிசித் தண்ணி. பாரில் நின்ற கோவாப் பெடியனிடம் முதல்நாள் இரவே கேட்டு வைத்திருந்தேன்: “தம்பி, நீங்கள் எங்க குடிக்கிறனீங்கள்?” கீழ்த்தட்டில் மாலுமிகளுக்கென்று ஒரு பார், பயணிக்கு அனுமதியில்லை, விலை எங்களதில் கால்வாசி என்றான். எனக்கு முப்பத்தைந்து வருடத்துச் சேவை இருக்கிறதே என்றேன். சிரித்தான். பிறகு, கரையில் வேலியைத் தாண்டி இடதுபக்கம் நடக்கச் சொன்னான்.

நடந்தோம். மனைவி குடையோடு. தகரக்கூரை, நாலு பிளாஸ்ரிக் கதிரை, பொரித்த மீன். கடைக்கார அம்மா சிவப்புப் பட்டிப் போத்தலை நீட்ட, வேண்டாம், கறுப்பு இருக்கா என்றேன். டிறாகன் ஸ்ரவுட் தந்தா. 7.5 வீதம். பெட்டியில் ஐஸ் உருகிப்போய், போத்தல் சும்மா ஈரமாக இருந்தது.

சுட்ட பனங்கட்டி. கோப்பி. கிணற்றடி.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. 1801இலேயே கின்னஸ்காரர் மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று கூடின வலுவில் கறுப்புப் பியர் காய்ச்சி அனுப்பத் தொடங்கினார்கள். சூட்டு நாடுகளில் அந்தச் சுவை வேர்விட்டது. யமேக்காவில் டிறாகன், இலங்கையில் 8.8 வீத லயன். ஒரு தகப்பனின் இரண்டு குடும்பம். மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு வாய் ஜிஞ்சர் பியர் குடித்துவிட்டு, “எங்கட யானை மார்க் மாதிரி இல்லை” என்றாள். ஏழு நாளில் அவள் குடித்த ஒன்பதாவது பிராண்ட் அது. அந்தக் கப்பலிலேயே பியரை ஒழுங்காக ஆராய்ந்தவள் அவள்தான்.

2023 ஜூனில் ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து வந்து எங்கள் பக்கத்துக் காங்கேசன்துறையிலும் நின்றது. தம்பி முறையான ஒருவன் படம் அனுப்பியிருந்தான். 1990இல் ‘நோடிக் எம்பிரஸ்’ என்று பிறந்து கரீபியன் பக்கம் ஓடின அதே கப்பல். அப்படியொரு கப்பலில் யாராவது காங்கேசன்துறைக்கு வந்தால் ஒன்று சொல்லுவேன். யாழ்ப்பாணப் பக்கம்தான் கூட்டிப்போவார்கள். நீங்கள் ஒரு ஓட்டோ பிடித்துக் கிழக்கே இருபது கிலோமீற்றரளவில் வல்வெட்டித்துறைக்கு வாருங்கள். பங்குனி சித்திரை என்றால் கள்ளுக்கு நல்லது. பத்து மணிக்கு முன் வரவேண்டும், பிந்தினால் புளிப்பு. சித்திரா பௌர்ணமியில் மட்டும் வராதீர்கள். அன்று இந்திர விழா, ஊர் முழுக்க வெளிச்சம், பார்க்கக் கண் இரண்டு போதாது. ஆனால் பௌர்ணமி போயா நாள், இலங்கை முழுவதும் குடிவகைக் கடைகள் பூட்டு.