கைகாட்டியியல்: ஒரு பொதுப்பாயிரம்

நன்னூல் செய்த பவணந்தியார் மாணாக்கரை முதல், இடை, கடை என்று மூன்று தரமாக்கி, அன்னத்திலும் பசுவிலும் தொடங்கி, மண், கிளி வழியாக ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி வரை எட்டு உவமை சொன்னார். எட்டும் படிக்க வந்தவர்களுக்கு. படிக்க அனுப்பப்பட்டவர்களுக்கு அவர் உவமை வகுக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் 'ஆன் டியூட்டி' கிடையாது. அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல்.

நூல் வந்த வழி: 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். அதன் 21-ஆம் பிரிவு, போலீசார், நீதித்துறையினர் உள்ளிட்ட அரசு அலுவலர்க்கு அவ்வப்போது பயிற்சி தரச் சொல்கிறது. சட்டம், உள்துறை, சுகாதாரம், நலம் ஆகிய துறைகள் கலந்து வேலை செய்யவும் சொல்கிறது. கலப்பதற்கு ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கு, இரண்டு வேளை டீ, ஒரு வடை. அத்தகைய ஒரு பயிற்சி நாளில் பின்வரிசையில் அமர்ந்து யான் எடுத்த குறிப்பே இது.

வந்தார் வகை: கையெழுத்திட்டு மறைவார், திரையைப் படமெடுப்பார், பயணப்படி வினவுவார் என மூன்று. நான்காவது வகையே சிறப்புடையது. மேசையில் பெயர்ப்பலகை அலுவலருடையது. பின்னால் அமர்ந்திருப்பவர் இளநிலை உதவியாளர். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவருவதால் இவர் ஆகுபெயர் எனப்படுவார்.

பயிற்றுநர் ஒரு கதையைக் கொடுத்தார். ஒரு பாட்டி, வயது 72. வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது படுக்கை மாட்டுக்கொட்டகையில். முன்கையில் கன்றிப்போன நான்கு தடங்கள். "உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்?"

இவ்விடத்தில்தான் கைகாட்டுதல் மூவிடத்தும் வரும் என்பது புலப்பட்டது.

தன்மை: "இது எங்க லிமிட்ல வராது." இதன் திரிபு, "சிவில் மேட்டர்ம்மா". கைவிடும் எண்ணத்தோடு முதியவரை எங்காவது விட்டுப்போவதற்கு இச்சட்டத்திலேயே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம். கையில் கன்றிய தடமும் சிவில் அன்று. பயிற்றுநர் இதைச் சொன்னபோது காக்கிச் சட்டை ஒன்று குறித்துக்கொண்டது. அதை இங்கே பதிவுசெய்வது நியாயம்.

முன்னிலை: "நீங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்க." வழி சரியே. இச்சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்துக்குத் தலைவர் வருவாய்க் கோட்டாட்சியர். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் ஆர்.டி.ஓ. என்பது நம் ஊரில் பல பொருள் ஒரு சொல். பாட்டி ஆட்டோக்காரரிடம் அச்சொல்லைச் சொன்னால், எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கும் மைதானத்தில் இறக்கிவிடுவார்.

படர்க்கை: "அவங்க பார்த்துக்குவாங்க." 'அவங்க' யாரென்பது எவ்வுரையிலும் இல்லை.

இனி வினையியல். அரசு மருத்துவமனைச் சீட்டில் இத்தகைய காயத்துக்கு எழுதும் வாசகம்: 'வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்'. சொன்னவர் பாட்டி அல்ல, பக்கத்தில் நிற்கும் மகன். பாட்டி தலையாட்டினார், அவ்வளவே. வழுக்கி விழுந்தவருக்கு முழங்கையிலோ இடுப்பிலோ அடிபடும். முன்கையில் நான்கு விரல் பதியாது. பிறவினையைத் தன்வினையாக எழுதும் இவ்வழக்கை எந்த இலக்கணமும் ஏற்காது. ஆயினும் இளம் டாக்டர் ஒருவர் எழுந்து, "ஓ.பி.யில் ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம்தான் சார் கிடைக்குது" என்றார். அதற்குப் பயிற்றுநர் சொன்னது அன்றைய நாளுக்கே ஈடான பாடம்: மகனிடம் சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்கி வர அனுப்புங்கள். மருந்து வரிசை நீளம். அவர் திரும்புவதற்குள் பாட்டியிடம் மறுபடி கேளுங்கள். அதுவும் 'யார் அடிச்சாங்க' என்று கேட்காதீர்கள். 'ராத்திரி எங்கம்மா படுக்குறீங்க' என்று கேளுங்கள். அரங்கில் கொஞ்ச நேரம் யாரும் படமெடுக்கவில்லை.

பத்திரவியல் சுருங்கக் கூறப்படும். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால், 23-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் அப்பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை முதியவர் பக்கம் நின்று விரித்தே படிக்கவேண்டும் என்றது. ஆனால் அந்த நிபந்தனை வரி பத்திரத்தில் இருந்தால்தான் வழக்கு எளிது. அவ்வரியை எழுதவோ விடவோ செய்பவர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர். அவருக்கு அழைப்பு இல்லை. ரேஷன் கடையில் பாட்டியின் ரேகை விழவில்லை என்று மாதாமாதம் அவர் கையைப் பிடித்துப் பார்க்கும் விற்பனையாளருக்கும் இல்லை. முதியோர் உதவித்தொகையைக் கொண்டுவந்து, அது மருமகள் கைக்குப் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கும் இல்லை. ஆகவே மாந்தர் இருபாற்படுவர்: காண்பார், கையெழுத்திடுவார். அரங்கில் இருந்தது பிற்பால் மட்டும்.

புறனடை: 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சென்று பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் ஒருவர், யாருக்கோ ரிஜிஸ்டர் கொடுக்க வந்தவர், கதவோரம் நின்றே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பகல் சாப்பாட்டுக்குக் கலையும் நேரத்தில் கையைத் தூக்கினார். "சார், எங்க ஏரியாவுல ஒரு பாட்டி வீட்ல ரெண்டு மாசமா கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்காம அப்படியே இருக்கு. கேட்டா மகன்தான் பதில் சொல்றாரு. நான் யார்கிட்ட சொல்லணும்?"

டாக்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஆகுபெயரைப் பார்த்தார். ஆகுபெயர் கதவைப் பார்த்தது. பயிற்றுநர் பலகையில் 14567 என்று எழுதினார். முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை.

"எட்டு மணிக்கு மேல தான் சார் அவரு குடிச்சிட்டு வருவாரு."

மாவட்டச் சமூக நல அலுவலர் எழுந்து கதவருகே போய்த் தன் செல்போன் எண்ணைச் சொன்னார். அந்தப் பெண் அதைக் கையிலிருந்த காலி மாத்திரை அட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டார்.

"இது ஆபீஸ் நம்பரா மேடம்?"

"இல்லம்மா, என்னோடது."

"ராத்திரியில பண்ணலாமா?"

"பண்ணு."